பியர்ஸ் ஊற்றுக்குகை: ஆழ்நீரில் மூச்சின் கணக்கு

நியூசிலாந்தின் தென்தீவில், நெல்சன் நகருக்கு மேற்கே ஆர்தர் மலை இருக்கிறது. அதன் கிழக்குப் பக்கத்தில், காடடர்ந்த பள்ளத்தாக்கு ஒன்றில், பாறையின் அடியிலிருந்து பியர்ஸ் ஆறு வெளிப்படுகிறது. சிற்றோடைகள் கூடி உருவாகும் ஆறு அல்ல இது. மலைக்குள்ளேயே திரண்டு ஓடிய நீர் இங்கே வெளிச்சத்துக்கு வருகிறது. 'பியர்ஸ் ரிசர்ஜன்ஸ்' என்று பெயர் பெற்ற இந்த ஊற்று வாயிலுக்குப் பின்னால், நீர் முழுவதுமாக நிரம்பிய குகை ஒன்று ஆழமாகக் கீழிறங்குகிறது. நீரின் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ். 2020இல் முக்குளிப்பாளர்கள் இக்குகையில் 245 மீட்டர் ஆழத்தை எட்டினார்கள். குகை அதற்குக் கீழும் தொடர்ந்தது. 2023 பிப்ரவரியில் அதே குழு மீண்டும் இறங்கியபோது, அவர்களில் ஒருவர் ஹைட்ரஜன் கலந்த வாயுவை, வெளிவிட்ட மூச்சையே மீண்டும் பயன்படுத்தும் ரீபிரீதர் கருவியில் சுவாசித்தபடி 230 மீட்டர் வரை சென்று திரும்பினார். அவ்வளவு ஆழத்தில் அக்கருவியில் ஹைட்ரஜனைப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை.

மலைக்குள் ஓடும் ஆறு

ஆர்தர் மலையின் பெரும்பகுதி பளிங்குப்பாறை. பழங்காலக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிப் பளிங்கானது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறையின் விரிசல்களில் இறங்கி, பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. விரிசல் குழாயாகிறது, குழாய் சுரங்கமாகிறது, சுரங்கங்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. இப்படிக் கரைந்து உருவான நிலப்பரப்புக்குக் கார்ஸ்ட் என்று பெயர். கார்ஸ்ட் மலைகளின் மேற்பரப்பில் ஓடைகள் அரிது. பெய்யும் மழை உள்ளே போய்விடுகிறது.

பியர்ஸ் ஊற்றுக்கு மேலே உள்ள மலைக்குள் நெட்டில்பெட், ஸ்டார்மி பாட் என்னும் இரு பெரிய குகைகள் உண்டு. இவை இரண்டும் உள்ளுக்குள் இணைந்தவை என்பது 2014இல் உறுதியானது. இணைந்த குகையின் மேல்வாயிலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு 1,174 மீட்டர். குகை ஆய்வாளர்கள் கயிறு கட்டி இறங்கியும் ஊர்ந்தும் இதன் உலர்ந்த பகுதிகளை வரைபடமாக்கியிருக்கிறார்கள். ஆனால் நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்ததும் நடைப்பயணம் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குகை தொடர்கிறது, ஆனால் முழுக்க நீருக்குள்.

மலையில் இறங்கிய நீர் பள்ளத்தாக்கின் மட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. பாறையின் பிளவுகள் சாய்ந்திருக்கும் போக்கில் அது மேலும் ஆழத்துக்குப் போய், பின்னால் வரும் நீரின் அழுத்தத்தால் மீண்டும் மேலெழுந்து ஊற்றாக வெளிவருகிறது. பிரான்ஸின் ஃபோன்டேன் த வோக்ளூஸ் இவ்வகை ஊற்றுகளுக்குப் பெயர் கொடுத்த இடம். அங்கே 1985இல் ஓர் இயந்திரம் 308 மீட்டர் ஆழத்தில் அடியைத் தொட்டது. செக் நாட்டின் ஹிரானிட்சே குழியில் 2016இல் இன்னொரு இயந்திரம் 404 மீட்டர் வரை இறங்கியும் அடியைக் காணவில்லை.

இயந்திரங்கள் இருக்கும்போது மனிதர் ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்வி இயல்பானது. நேராக இறங்கும் குழிகளில் இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அதைக் கட்டுப்படுத்தும் கேபிள் பின்னால் இழுபட்டு வருகிறது. குகை வளைந்து திரும்பும்போது அது பாறையில் சிக்கிக்கொள்கிறது. வளைவுகளும் கிளைகளும் நிறைந்த குகையில் எந்த வழி தொடர்கிறது என்று பார்த்து முடிவெடுக்கவும், கயிற்றைப் பாறையில் கட்டி அளக்கவும் இன்றும் மனிதரே தேவைப்படுகிறார்.

தலைக்கு மேல் பாறை

கடலில் முக்குளிப்பவருக்குக் கோளாறு நேர்ந்தால், ஆபத்து இருந்தாலும் மேலே போவது என்ற கடைசி வழி ஒன்று உண்டு. குகையில் அது இல்லை. மேலே பாறை, காற்றை அடைய வேண்டுமானால் வந்த வழியே முழுத்தூரமும் திரும்ப வேண்டும். குகை முக்குளிப்பின் விதிகள் எல்லாம் இந்த ஒரு நிலைமையிலிருந்து பிறந்தவை.

அமெரிக்கரான ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவற்றின் காரணங்களிலிருந்து விதிகளை வகுத்தார். முதலாவது, வாயிலிலிருந்து அறுபடாத வழிகாட்டிக் கயிறு ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். தெளிந்த நீரில் கயிறு தேவையற்றதாகத் தோன்றலாம். ஆனால் தரையில் படிந்த வண்டலைக் கால்துடுப்பு ஒருமுறை கிளறிவிட்டால் கண்ணெதிரே உள்ள கையும் தெரியாது. அப்போது கயிறு மட்டுமே வெளியே கொண்டுபோகும். இரண்டாவது, கொண்டுபோகும் வாயுவில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே போகவும், ஒரு பங்கைத் திரும்பவும் பயன்படுத்தி, மூன்றாவது பங்கை அவசரத்துக்கு விட்டுவைக்க வேண்டும். மூன்றாவது, பயிற்சிக்கு மீறிய ஆழத்துக்குப் போகக் கூடாது. குறைந்தது மூன்று விளக்குகள், முறையான பயிற்சி என்பவையும் பின்னர் பட்டியலில் சேர்ந்தன. விதிகளை எழுதிய எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் சகத்தோன் குழியில் மிக ஆழத்துக்கு இறங்கியபோது உயிரிழந்தார். ஆழம் சேரும்போது விதிகள் மட்டும் போதாமல் போகின்றன என்பதற்கு அவர் மரணம் ஒரு சான்று.

24 மடங்கு அழுத்தம்

நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. 230 மீட்டரில் உடலைச் சூழ்ந்த அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதைப்போல் சுமார் 24 மடங்கு. நுரையீரல் நசுங்காமல் இருக்க, சுவாசிக்கும் வாயுவும் அதே அழுத்தத்தில் வர வேண்டும். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் தரைமட்டத்தில் உள்ளதைவிட 24 மடங்கு அதிகமான வாயு மூலக்கூறுகள் நுரையீரலுக்குள் போகின்றன.

இதன் முதல் விளைவு வாயுச் செலவு. மிதமாக உழைப்பவர் தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று கொள்வோம். 230 மீட்டரில் அதற்கு நிமிடத்துக்கு 480 லிட்டர் அளவு வாயு வேண்டும். 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய 12 லிட்டர் சிலிண்டரில் 2,400 லிட்டர் இருக்கும். அது ஐந்து நிமிடங்களில் தீர்ந்துவிடும். மூச்சை நீரில் குமிழியாக விட்டுவிடும் சாதாரண ஸ்கூபா கருவியோடு பல மணி நேரப் பயணத்துக்கு எத்தனை சிலிண்டர்கள் சுமந்தாலும் போதாது.

இதற்கு விடையாக வந்தது ரீபிரீதர். உடல் ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜனில் சிறு பகுதியையே பயன்படுத்துகிறது. எஞ்சியது அப்படியே வெளியேறுகிறது. ரீபிரீதர் அந்த மூச்சை வீணாக்காமல் மூடிய சுற்றுக்குள் சுழற்றுகிறது. சோடா சுண்ணாம்பு நிறைந்த புட்டி கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. உணரிகள் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்கின்றன. குறைந்தால் மின்வால்வு திறந்து சிறிது ஆக்சிஜனைச் சேர்க்கிறது. உடலின் ஆக்சிஜன் தேவை ஆழத்தைப் பொறுத்து மாறாததால், 10 மீட்டரிலும் 200 மீட்டரிலும் செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் கருவி சிக்கலானது. பழுதானால் பெரும்பாலும் எச்சரிக்கை இல்லாமலே மயக்கம் வரும். எனவே பியர்ஸ் குகையில் இறங்கியவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு ரீபிரீதர்களைச் சுமந்தார்கள். ஒன்று செயலிழந்தால் மற்றொன்றுக்கு மாறலாம்.

ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு விலை

அழுத்தத்தின் இரண்டாவது விளைவு இன்னும் கடினமானது. ஒரு வாயு உடலில் என்ன செய்யும் என்பதை அதன் சதவீதம் தீர்மானிப்பதில்லை. கலவையில் அந்த வாயுவுக்கு மட்டும் உரிய பகுதி அழுத்தம்தான் தீர்மானிக்கிறது.

ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் நினைவு தப்பத் தொடங்கும். நீருக்குள் 1.6 பாருக்கு மேல் போனால் மூளையைத் தாக்கி வலிப்பை உண்டாக்கலாம். நீருக்குள் வலிப்பு பெரும்பாலும் மரணம். சாதாரணக் காற்றில் உள்ள 21% ஆக்சிஜன், 66 மீட்டரிலேயே இந்த மேல் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதனால் 230 மீட்டருக்கான கலவையில் ஆக்சிஜன் சில சதவீதமே இருக்க முடியும். அதே கலவையைத் தரைமட்டத்தில் சுவாசித்தால் சில நொடிகளில் மயக்கம் வரும். ஆழத்தில் உயிர் காக்கும் சிலிண்டர் மேலே உயிர் பறிக்கும்; ஒவ்வொரு சிலிண்டரிலும் அதைப் பயன்படுத்தக்கூடிய ஆழம் பெரிய எண்களில் எழுதப்படுவதற்கு இதுவே காரணம்.

காற்றில் 78% உள்ள நைட்ரஜன், 30 மீட்டரைத் தாண்டினால் போதை தரத் தொடங்குகிறது. தீர்மானிக்கும் திறன் மங்குகிறது, வேலைகள் மெதுவாகின்றன. ஆகவே நைட்ரஜனின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, போதை தராத ஹீலியத்தைச் சேர்க்கிறார்கள். ஆக்சிஜன், ஹீலியம், நைட்ரஜன் மூன்றும் கலந்த இந்த வாயு டிரைமிக்ஸ் எனப்படுகிறது. 2020இல் 245 மீட்டருக்குப் பயன்பட்ட கலவையில் ஏறத்தாழ 4% ஆக்சிஜனும், 91% ஹீலியமும், 5% நைட்ரஜனும் இருந்தன.

ஹீலியமும் இலவசமாக உதவுவதில்லை. 150 மீட்டருக்கு அப்பால், குறிப்பாக வேகமாக இறங்கும்போது, கைகள் நடுங்குகின்றன, தலை சுற்றுகிறது, கவனம் சிதறுகிறது. இதை உயர் அழுத்த நரம்பு நோய்க்குறி என்கிறார்கள். அழுத்தம் நரம்புச் செல்களின் இயக்கத்தைக் கிளர்த்துவதே காரணம் எனக் கருதப்படுகிறது. எண்ணெய்த் துறையின் ஆழ்கடல் பணியாளர்கள் அழுத்த அறைக்குள் மணிக்கணக்கில், தேவையானால் நாள்கணக்கில், மெதுவாக அழுத்தத்தைக் கூட்டி இதைச் சமாளிக்கிறார்கள். குகைக்குள் அந்த வசதி இல்லை. கீழே செலவிடும் ஒவ்வொரு நிமிடமும் மேலே வரும் நேரத்தை நீட்டிக்கும் என்பதால், குகையில் இறங்குபவர் விரைந்து இறங்கியாக வேண்டும். சிறிது நைட்ரஜனைக் கலவையில் விட்டுவைத்தால் அதன் போதைத்தன்மை இந்த நடுக்கத்தை அடக்கும். டிரைமிக்ஸில் 5% நைட்ரஜன் இருந்தது அதற்காகவே. இருந்தும் 2020இல் 200 மீட்டருக்குக் கீழே போனதும் இருவரில் ஒருவருக்கு நடுக்கம் வந்தது.

நைட்ரஜனை மேலும் கூட்டினால் என்ன? அங்கேதான் மூன்றாவது தடை எழுகிறது: வாயுவின் அடர்த்தி. நைட்ரஜன் மூலக்கூறு ஹீலியத்தைவிட ஏழு மடங்கு கனமானது. அழுத்தத்தில் வாயு அடர்த்தியாகும்போது, அதை மூச்சுக்குழாய்கள் வழியே இழுக்கவும் தள்ளவும் தசைகள் கடுமையாக உழைக்க வேண்டியிருக்கிறது. மூச்சு ஆழமற்றதாகிறது, உடலில் உண்டாகும் கரியமில வாயு முழுவதும் வெளியேறாமல் இரத்தத்தில் சேர்கிறது. அது மூச்சுத் திணறலையும் பதற்றத்தையும் தர, மூச்சு வேகமெடுக்கிறது. வேகமான மூச்சின் உழைப்பு மேலும் கரியமில வாயுவை உண்டாக்குகிறது. வாயுவின் அடர்த்தி லிட்டருக்கு 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது இன்று ஏற்கப்பட்டுள்ள பரிந்துரை. சாதாரணக் காற்று 31 மீட்டரிலேயே முதல் அளவைத் தொடுகிறது. 245 மீட்டரில் மேற்சொன்ன டிரைமிக்ஸின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 7.2 கிராம். பெரும்பங்கு ஹீலியமாக இருந்தும் மேல் எல்லை கடந்துவிட்டது.

இது ஏட்டளவில் உள்ள ஆபத்து அல்ல. 2005 ஜனவரியில் டேவிட் ஷா என்பவர், தென்னாப்பிரிக்காவின் பூஸ்மன்ஸ்காட் குகையில், பத்தாண்டுகளுக்கு முன் அங்கே இறந்த இளைஞர் ஒருவரின் உடலை மீட்க 270 மீட்டர் இறங்கினார். அங்கே வேலை செய்துகொண்டிருந்தபோதே உயிரிழந்தார். அவர் தலைக்கவசத்தில் இருந்த கேமரா கடைசி நிமிடங்களையும் பதிவுசெய்திருந்தது. அதில் கேட்ட மூச்சின் வேகத்தை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, அடர்ந்த வாயுவும் உடல் உழைப்பும் சேர்ந்து கரியமில வாயுவைத் தேக்கியதே மரணத்துக்கு இட்டுச்சென்றது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஆக, ஆக்சிஜன் கூடினால் வலிப்பு. நைட்ரஜன் கூடினால் போதையும் அடர்த்தியும். ஹீலியம் கூடினால் நடுக்கம். 250 மீட்டரை நெருங்கும்போது இந்த மூன்று எல்லைகளுக்கும் நடுவே பாதுகாப்பான கலவை என்று ஒன்று இல்லாமல் போகிறது.

ஹைட்ரஜனின் நீண்ட வரலாறு

எல்லா வாயுக்களிலும் இலேசானது ஹைட்ரஜன். அதன் மூலக்கூறு ஹீலியத்தின் எடையில் பாதி. கூடவே அதற்குச் சிறிதளவு போதைத்தன்மையும் உண்டு. அதாவது நைட்ரஜன் செய்யும் நன்மையை, நைட்ரஜனின் கனம் இல்லாமல் செய்யக்கூடியது.

இந்த எண்ணம் புதிதல்ல. சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஆர்னே செட்டர்ஸ்ட்ரோம் 1943 முதல் ஹைட்ரஜனைச் சுவாசித்துப் பால்டிக் கடலில் இறங்கினார். அப்போது ஐரோப்பாவில் ஹீலியம் கிடைப்பது கடினம். ஹைட்ரஜனை அமோனியாவிலிருந்து பிரித்தெடுக்க முடிந்தது. 1945 ஆகஸ்டில் 160 மீட்டர் ஆழத்துக்கு வெற்றிகரமாக இறங்கினார். ஆனால் மேலே இருந்தவர்களின் தவறால் உரிய நிறுத்தங்கள் இல்லாமல் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். அவரைக் கொன்றது ஹைட்ரஜன் அல்ல என்றாலும், ஆய்வு அதோடு நின்றது. பிற்காலத்தில் பிரான்ஸின் கோமெக்ஸ் நிறுவனம் 'ஹைட்ரா' என்ற பெயரில் தொடர் சோதனைகளை நடத்தியது. 1988இல் அதன் பணியாளர்கள் மத்தியதரைக் கடலில் 534 மீட்டரில் வேலை செய்தார்கள். 1992இல் தியோ மவ்ரோஸ்டோமோஸ் அழுத்த அறைக்குள் 701 மீட்டருக்கு நிகரான அழுத்தத்தை எட்டினார். இவை பெரும் தொழிற்கூட வசதிகளோடு நடந்தவை. முதுகில் சுமக்கும் ரீபிரீதரில் ஹைட்ரஜனைச் செலுத்தும் முயற்சி பியர்ஸ் குகைக்கு முன் இவ்வளவு ஆழத்தில் நடக்கவில்லை.

தயக்கத்துக்குக் காரணம் தெளிவு: ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். ஆனால் கலவையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தீப்பற்றாது. ஆழமே இங்கு துணைக்கு வருகிறது. ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.7 பார் என்று வைத்துக்கொண்டால், 200 மீட்டரில் அது கலவையில் 3.3 சதவீதமே, ஆபத்து இல்லை. அதே 0.7 பார் 50 மீட்டரில் சுமார் 12 சதவீதமாகிவிடும். அங்கே ஹைட்ரஜன் இருந்தால் ஒரு தீப்பொறி போதும். எனவே ஹைட்ரஜனை ஆழத்தில் மட்டுமே சேர்க்க வேண்டும், ஏறும்போது உரிய ஆழத்திலேயே அதைக் கைவிட வேண்டும். ரீபிரீதரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சுற்றுக்குள் அவ்வப்போது தூய ஆக்சிஜன் செலுத்தப்படுகிறது. அது மற்ற வாயுக்களோடு கலப்பதற்கு முன் வால்வின் அருகே சிறிது நேரம் செறிவாக நிற்கிறது. மின்சாதனங்கள் உள்ள கருவிக்குள் இது நடப்பதே திட்டமிட்டவர்களை அதிகம் யோசிக்க வைத்தது.

இரண்டாவது கவலை குளிர். ஹைட்ரஜன் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. இதில் ஹீலியத்தையும் மிஞ்சுகிறது. 6 டிகிரி நீரில் இருப்பவரின் உடலிலிருந்து ஒவ்வொரு மூச்சும் சூட்டைப் பறித்துச் செல்லும்.

2023 பயணம்

'வெட்மியூல்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஆஸ்திரேலியக் குழு பல ஆண்டுகளாகப் பியர்ஸ் குகையை ஆராய்ந்துவந்தது. அதன் மையத்தில் இருந்தவர்கள் மயக்கவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸும் கால்நடை மருத்துவர் கிரெய்க் சாலனும். 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மீட்டபோது, அவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெளியே அனுப்பும் பணியில் முக்கியப் பங்காற்றிய இருவரும் இவர்களே. அதற்காக 2019ஆம் ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்களாகக் கூட்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்.

ஊற்று இருக்கும் இடத்துக்குச் சாலை இல்லை. சிலிண்டர்கள், ரீபிரீதர்கள், வாயு கலக்கும் கருவிகள், மின்னாக்கி, கூடாரங்கள், உணவு எல்லாம் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்டன. ஒருநாள் ஆழப் பயணத்துக்குப் பின்னால் பல நாள் உழைப்பு இருக்கிறது. துணை முக்குளிப்பாளர்கள் முதலில் இறங்கி வழிகாட்டிக் கயிறுகளைச் சரிபார்க்கிறார்கள், அவசர சிலிண்டர்களை வெவ்வேறு ஆழங்களில் கட்டிவைக்கிறார்கள். கூடவே, ஆழம் குறைந்த பகுதியில் காற்றறைகளை நிறுவுகிறார்கள். காற்றறை என்பது அடிப்பக்கம் திறந்த தொட்டி. குகையின் கூரையில் பொருத்தி வாயுவால் நிரப்பப்படுகிறது. அதற்குள் தலையையும் உடலின் மேற்பாதியையும் நீருக்கு வெளியே வைத்து அமரலாம், பேசலாம், குடிக்கலாம், உண்ணலாம்.

உடலைக் காக்க உலர் உடை, அதற்குள் தடித்த உள்ளாடை, மின்சாரத்தால் சூடாகும் மேலாடை ஆகியவை உண்டு. உலர் உடைக்குள் ஊதும் வாயு ஹீலியமாக இருக்கக் கூடாது; அது சூட்டைக் கடத்திவிடும். அதற்கெனத் தனிச் சிலிண்டர் ஒன்று சுமக்கப்படுகிறது.

ஹைட்ரஜனைச் சுவாசிக்கப்போகிறவர் ஹாரிஸ். சாலன் டிரைமிக்ஸிலேயே இருந்தார். ஒரே சோதனைக்கு இருவரையும் உட்படுத்தாமல், புதிய வாயு கோளாறு செய்தால் உதவ ஒருவர் தெளிவோடு அருகில் இருக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். இருவரும் வழக்கமான முறையில் இறங்கி 200 மீட்டரை அடைந்தார்கள். அங்கே ஹாரிஸ் தம் கருவிக்குள் ஹைட்ரஜனைச் செலுத்தினார். 200 முதல் 230 மீட்டர் வரை அவர் சுவாசித்த கலவையில் ஏறத்தாழ 3% ஆக்சிஜனும், 59% ஹீலியமும், 38% ஹைட்ரஜனும் இருந்தன. 230 மீட்டரில் இதன் அடர்த்தியைக் கணக்கிட்டால் லிட்டருக்கு சுமார் 4.4 கிராம் வருகிறது. பரிந்துரைத்த எல்லைக்குள் வசதியாக அடங்குகிறது. முந்தைய பயணங்களில் இதே ஆழத்தில் அவருக்குத் தொல்லை தந்த நடுக்கம் இம்முறை தணிந்தது. வெளிப்படையான தீங்கு எதுவும் ஏற்படவில்லை. திரும்பி ஏறும்போது ஹைட்ரஜன் கைவிடப்பட்டது.

ஏற்றமே பெரும்பயணம்

அடியில் கழியும் நேரம் நிமிடங்களில் அளக்கப்படுகிறது, ஏற்றம் மணிகளில். இந்தப் பயணம் மொத்தம் 13 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. அதில் பெரும்பகுதி மேலேறுவதற்கே செலவானது.

காரணம் உடலில் கரைந்த வாயு. அழுத்தத்தில் சுவாசிக்கும்போது ஹீலியமும் நைட்ரஜனும் இரத்தம் வழியே தசை, கொழுப்பு, நரம்புத் திசுக்களில் கரைகின்றன. அழுத்தம் திடீரெனக் குறைந்தால், மூடியைத் திறந்த சோடா புட்டியில் போல அவை குமிழிகளாகப் பிரிகின்றன. குமிழிகள் இரத்தக் குழாய்களை அடைத்து மூட்டுவலி முதல் பக்கவாதம், மரணம் வரை உண்டாக்கலாம். ஸ்காட்லாந்தில் பிறந்த உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன், ஆடுகளை வைத்துச் செய்த ஆய்வுகளின் அடிப்படையில் 1908இல் முதல் நிறுத்த அட்டவணைகளை வெளியிட்டார். வெவ்வேறு திசுக்கள் வெவ்வேறு வேகத்தில் வாயுவை ஏற்று வெவ்வேறு வேகத்தில் விடுகின்றன. எனவே குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று ஏற வேண்டும் என்பது அவர் கண்டது. இன்றைய முக்குளிப்புக் கணினிகள் அதே அடிப்படையில், கூடுதல் நுணுக்கத்தோடு கணக்கிடுகின்றன.

நிறுத்தங்கள் ஆழத்தில் குறுகியவை. மேலே வர வர நீள்கின்றன. மேற்பரப்புக்கு அருகில் அழுத்தம் சிறிதளவு குறைந்தாலும் அது விகிதத்தில் பெரிய மாற்றம் என்பதே காரணம். 230 மீட்டரிலிருந்து 220க்கு ஏறினால் அழுத்தம் சில சதவீதமே குறையும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு ஏறினால் பாதியாகிவிடும். ஏறும்போது கலவையில் ஆக்சிஜனின் பங்கைப் படிப்படியாகக் கூட்டி, கரைந்த வாயுக்கள் வெளியேறுவதை விரைவுபடுத்துகிறார்கள்.

காற்றறைகளின் பயன் இங்கேதான். உலர்ந்து அமர்ந்திருப்பவருக்குக் குளிர் குறைகிறது. குளிர்ந்த உடலில் தோலுக்கும் கைகால்களுக்கும் இரத்த ஓட்டம் சுருங்குகிறது. அங்கே கரைந்த வாயு வெளியேறாமல் தேங்குகிறது. ஆகவே வெதுவெதுப்பு என்பது இங்கே வசதிக்காக அல்ல. நிறுத்த அட்டவணை சரியாக வேலை செய்வதற்கே அது தேவை. துணை முக்குளிப்பாளர்கள் முறைவைத்து இறங்கி, ஏறுபவர்களின் நிலையைப் பார்த்து, உணவும் புது சிலிண்டர்களும் கொடுத்து, தேவையற்ற சுமையை வாங்கிச் செல்கிறார்கள்.

கிடைத்ததும் எஞ்சியதும்

ஹாரிஸ், சாலன், நியூசிலாந்து முக்குளிப்பு மருத்துவர் சைமன் மிட்செல் ஆகியோர் இந்தப் பயணத்தின் அறிக்கையை 2024இல் 'டைவிங் அண்ட் ஹைபர்பாரிக் மெடிசின்' இதழில் வெளியிட்டார்கள். வாயு அடர்த்தியைப் பரிந்துரைத்த எல்லைக்குள் வைத்துக்கொண்டே நடுக்கத்தைத் தணித்து மேலும் ஆழத்துக்குப் போக ஹைட்ரஜன் வழி தரக்கூடும் என்பது அதன் சாரம்.

இந்த முடிவுக்கு உள்ள வரம்புகளும் தெளிவானவை. இது ஒரே ஒருவர், ஒரே ஒருமுறை செய்த சோதனை. தம்மிடம் நடுக்கம் தணிந்ததா என்பதை அவரே உணர்ந்து சொல்ல வேண்டியிருந்தது. ஹைட்ரஜன் பயன்பட்ட ஆழம் 30 மீட்டர் வீச்சுக்குள் அடங்கியது. ஹைட்ரஜனைச் சுவாசித்தபின் ஏறுவதற்கான நிறுத்தக் கணக்குகளும் ஹீலியத்துக்கு உள்ள அளவுக்கு முதிர்ந்தவை அல்ல. தீப்பற்றும் ஆபத்தும் நீங்கிவிடவில்லை. கணக்கிட்டுக் கட்டுக்குள் வைக்கப்பட்டது, அவ்வளவே.

மறுபுறம், ஹைட்ரஜன் இல்லாமலே ஆழம் கூடிக்கொண்டிருக்கிறது. பிரான்ஸின் ஃபோன் எஸ்ட்ராமார் ஊற்றுக்குகையில் பிரெஞ்சு முக்குளிப்பாளர்கள் அண்மை ஆண்டுகளில் 300 மீட்டரைத் தாண்டினார்கள். ஆனால் அப்பயணங்கள் ஒவ்வொன்றும் அடர்த்தி, நடுக்கம் ஆகிய இரு எல்லைகளையும் மீறியே நடக்கின்றன. உடல் தாங்கும் என்ற நம்பிக்கையே அங்கே பாதுகாப்பு. பியர்ஸ் குகையில் நடந்த முயற்சியின் மதிப்பு அது எட்டிய ஆழத்தில் இல்லை. 2020இல் எட்டியதைவிட 15 மீட்டர் குறைவாகவே இறங்கி, மேலும் ஆழத்துக்குப் போக உதவக்கூடிய ஒரு முறையை அது சோதித்துப் பார்த்தது. குகையின் அடி எங்கே என்பது இன்னும் அளக்கப்படவில்லை.